பதினாறு திங்கட்கிழமைகளும் ஓர் இரும்பு அணுவும்

“ஒவ்வொரு திங்கட்கிழமையும், வேலை தொடங்குமுன், பெட்டியின் பொறுப்பாளர் ஊசிக்குழலில் ஐந்து மில்லி வெளிக்காற்றை எடுத்துச்சென்று ஆக்ஸிஜன் சென்சரின் முன் விட வேண்டும். மீட்டரில் எண் ஏற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்த பின்பே பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டுவது மட்டுமே பெட்டியில் ஆக்ஸிஜன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.”

எங்கள் ஆய்வுக்கூட நடைமுறைக் கையேட்டின் பதினான்காம் விதி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். ராஜபாஷா பிரிவு செய்துகொடுத்த இந்தி வடிவம் பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஆங்கில மூலத்தை எழுதியவள் நான். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டவளும் நான். அதை மீறியவர் யார் என்று பிறகு சொல்கிறேன். ஊகிப்பது கடினமல்ல.

போன மாதம் பழைய கூடத்திலிருந்து போன் வந்தது. புதிய பெட்டி வந்திருக்கிறதாம். அதில் இரண்டு சென்சர்கள். ஒன்றை மற்றொன்று கண்காணிக்குமாம். பதிவேடு இனி வேண்டாம், எல்லாம் தானாகக் கணினியில் ஏறிவிடும். “உங்க பழைய பதிவேடுகளை என்ன செய்யறது மேடம்?” என்று கேட்டார்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றை விதிப்படி அழித்துவிடலாம் என்றேன். அப்படியானால் அந்த ஒன்றைப் பற்றி எழுதிக் கொடுங்களேன் என்றார்கள்.

நான் புணேயை ஒட்டிய கட்கியில் பிறந்தவள். அப்பா வேலூர்ப் பக்கம்; இங்கே வெடிமருந்து ஆலையில் வேலை. வீட்டில் தமிழ், வாசலில் இந்தி, பள்ளியில் மராத்தி. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, புணேயில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக நுழைந்து, முப்பத்தாறு ஆண்டு கழித்துத் தொழில்நுட்ப அலுவலராக வெளியே வந்தேன். முதல் பத்தாண்டைச் சுருக்கிவிடலாம்: குழாய் கழுவினேன், பஃபர் கரைசல்கள் கலந்தேன், புரதம் பிரித்தேன், திட்டு வாங்கினேன், பிறகு நானே திட்டத் தொடங்கினேன்.

என் கை வழியாகப் போன புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் போல இருக்கும். கருவி சொன்னால்தான் இருப்பதே தெரியும். ஃபெரடாக்ஸின் அப்படியல்ல. பால் விடாத டிகாக்ஷன் நிறம். குழாயில் இறங்கும்போதே கண்ணால் பின்தொடரலாம். மிகச் சிறிய புரதம். ஓரிடத்தில் எலக்ட்ரானை வாங்கி இன்னோரிடத்தில் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வேலைக்காக வயிற்றுக்குள் ஒரு குட்டிக் கனசதுரத்தை வைத்திருக்கிறது. எட்டு மூலையில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் மாறி மாறி இருக்கும். புரதத்தின் அமினோ அமிலங்களில் நான்கு சிஸ்டீன்கள் ஆளுக்கோர் இரும்பைப் பிடித்துக்கொண்டு அதை இடத்தில் நிறுத்தும்.

எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் நொதியின் மேல் போய் உட்கார வேண்டும். ஃபெரடாக்ஸினின் ஒரு முகத்தில் எதிர்மின்னேற்றம். நொதியின் குழியில் நேர்மின்னேற்றம். இரண்டும் ஏறத்தாழப் பொருந்தி, கணநேரம் ஒட்டி, கைமாற்றிவிட்டுப் பிரிந்துவிடும். இறுக ஒட்டிக்கொண்டால் வேலை நின்றுவிடும். அலுவலக உறவுகளுக்கும் இதையே சிபாரிசு செய்வேன்.

இந்தக் கனசதுரத்துக்குக் காற்று ஆகாது. ஆக்ஸிஜன் பட்டால் முதலில் ஒரு மூலையின் இரும்பு கழன்றுவிடும், நான்கு மூன்றாகும். நிறம் பெரிதாக மாறாது. ஆபத்தே அங்கேதான். இன்னும் காற்று பட்டால் முழுதும் வெளுத்துவிடும். அப்போது குருடருக்கும் தெரியும். குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே, இயற்கையில் மூன்று இரும்போடு வாழ்கிற ஃபெரடாக்ஸின்களும் இருக்கின்றன. ஆகவே மூன்றைப் பார்த்ததும் அது பிறவிக்குணமா விபத்தா என்று சொல்லிவிட முடியாது.

அதனால்தான் க்ளவ் பாக்ஸ். கண்ணாடி முகப்புள்ள பெரிய பெட்டி, உள்ளே நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும். முகப்பிலிருந்து முழங்கை தாண்டும் நீளத்துக்கு இரண்டு ரப்பர் கையுறைகள் உள்ளே தொங்கும். வெளியே நின்று அவற்றுக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். பெட்டியில் தப்பித் தவறி நுழையும் ஆக்ஸிஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து நீராக்கிவிட ஒரு பல்லேடியம் தட்டு உண்டு. எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சர். இந்த வகைச் சென்சர் பேட்டரி மாதிரி. உள்ளிருக்கும் பொருள் தீர்ந்துபோனால் செத்துவிடும். செத்த சென்சர் பூஜ்யம் காட்டும். ஆரோக்கியமான சென்சர் நல்ல பெட்டியில் காட்டுவதும் அதே பூஜ்யம். பதினான்காம் விதி பிறந்த கதை இவ்வளவுதான்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் பாபட். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அறிக்கைகளை நின்றுகொண்டே படிப்பார். ஓரத்தில் பென்சிலால் சிறிய டிக், அல்லது சிறிய கேள்விக்குறி. அதற்கு மேல் அவர் கையெழுத்தை எந்தத் தாளிலும் காண முடியாது. உத்தரவு என்று எதையும் எழுதியதில்லை. “அஸ கரூயா” என்பார். இப்படிச் செய்வோம் என்று மராத்தியில் பொருள். அந்த ‘வோம்’ என்பதற்குள் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் புதிய பல்லேடியம் தட்டு வந்தது. எட்டு மாதம் கோப்பாக அலைந்து வந்த பொருள். அடுத்த திங்கட்கிழமை காலை நான் ஊசிக்குழலோடு பெட்டி முன் நின்றபோது டாக்டர் பாபட் பின்னால் வந்து நின்றார்.

“மேடம், எட்டு மாசம் காத்திருந்து வாங்கினோம். அதுக்கு நீங்களே காத்து ஊட்டப் போறீங்களா?”

“அஞ்சு மில்லிதான் சார். விதி.”

“விதி பழைய தட்டுக்கு. மீட்டர் பூஜ்யம் காட்டுது பாருங்க. கொஞ்ச நாள் விட்டுடுவோம். அஸ கரூயா.”

விதி எந்தத் தட்டுக்கும் இல்லை, சென்சருக்கு என்று சொல்லியிருக்கலாம். எழுத்தில் கொடுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதில் நான் பெயர் பெற்றவள். அன்று கேட்கவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. ஒரு ஊசிக்குழலுக்காகச் சண்டை வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டம் இருந்தது. சென்சர் சோதனை: சரி அல்லது சரியில்லை. ‘செய்யவில்லை’ என்று எழுத இடமில்லாமல் கட்டத்தை வடிவமைத்தவளும் நான்தான். ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இங்கே பெண்கள் நல்ல கணவன் வேண்டிப் பதினாறு திங்கட்கிழமை விரதம் இருப்பார்கள். நான் பதினாறு திங்கட்கிழமை பொய் எழுதினேன். விரதத்தைப் போலவே, முதல் இரண்டு வாரம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அந்த வாரங்களில்தான் ஹரிணியின் படிகங்கள் வளர்ந்தன. ஹரிணி கோயம்புத்தூர்ப் பெண், டாக்டர் பாபட்டின் ஆய்வு மாணவி, ஆறாவது ஆண்டு. கொங்கண் கரையில் ஒரு வெந்நீர் ஊற்றுச் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் ஃபெரடாக்ஸினும், அது எலக்ட்ரான் கொடுக்கும் நொதியும் ஒட்டியிருக்கும் நிலையிலேயே படிகமாக்க வேண்டும் என்பது அவள் ஆய்வு. கணநேரம் ஒட்டுவதைப் படிகத்தில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. இப்போதெல்லாம் புரதத்தின் வடிவத்தைக் கணினியே ஊகித்துவிடுகிறது. ஆனால் மூலையில் இரும்பு இருக்கிறதா இல்லையா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அது பெட்டிக்குள் கைவிட்டதில்லை.

ஜனவரியில் ஹரிணி வடிவத்தைக் கண்டுபிடித்தாள். கனசதுரத்தில் ஒரு மூலை காலி. மூன்றே இரும்பு. அந்தக் காலி மூலை இருந்த பக்கமாகவே நொதி சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

டாக்டர் பாபட் திரையின் முன் நின்றபடியே இருபது நிமிடம் பார்த்தார். பிறகு, இதுவே இந்தப் பாக்டீரியாவின் இயல்பான நிலை, நொதி தன் துணையை அடையாளம் காண்பதே அந்தக் காலி மூலையைக் கொண்டுதான் என்று சொன்னார். அழகான கருத்து. தப்பு என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது. கட்டுரை எழுதப்பட்டு ஒரு வெளிநாட்டு இதழுக்குப் போயிற்று. ஹரிணியின் ஆய்வேட்டில் நடு அத்தியாயம் அதுவே. அவள் பதிவுக்காலம் ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு ஆண்டு கணக்கிலேயே வராது.

மார்ச் தொடக்கத்தில் இதழின் மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: காற்றுப் பட்டு இரும்பு கழலவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

டாக்டர் பாபட் என் மேஜைக்கு வந்தார். “மேடம், பெட்டிப் பதிவேட்டை நகல் எடுத்து அனுப்பிடுவோம். உங்க கையெழுத்துக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

பதினாறு ‘சரி’. ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. நகல் இயந்திரம் ஒவ்வொரு பக்கமாக வெளியே தள்ளும்போது நான் பக்கத்தில் நின்றேன். சென்சர் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தாறு ஆண்டில் மற்றவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டு எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

நகல்கள் போய் மூன்று நாள் கழித்து, ஷிண்டே நைட்ரஜன் உருளை மாற்ற வந்தார். இருபது ஆண்டாகக் கூடத்தின் உருளைகளுக்கும் குழாய்களுக்கும் அவர்தான் பொறுப்பு. திருகியை இறுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“என்ன ஷிண்டே பாவூ, பூஜையா?”

“மேடம், ஏ மீட்டர் தோ ஸாது பன் கயா ஹை” என்றார். இந்த மீட்டர் சாமியாராகிவிட்டதாம். “எது நடந்தாலும் அசையறதில்லை. வியாழக்கிழமை இடது கையுறையில கட்டைவிரல் பக்கம் ஓட்டைன்னு மாத்தினேன். அரை நிமிஷம் துவாரம் திறந்தே கிடந்தது. அப்பவும் ஜீரோ. இப்படி ஒரு மனசாந்தி எனக்கும் கிடைச்சா நல்லாயிருக்கும்.”

நான் கையுறையைப் பார்த்தேன். “அந்த ஓட்டை எத்தனை நாளா இருந்திருக்கும்?”

“யாருக்குத் தெரியும்? ஊசிமுனை அளவுதான். மீட்டர் சொல்லியிருக்கணும்.”

ஊசிக்குழலை எடுத்தேன். ஐந்து மில்லி காற்றை உள்ளே கொண்டுபோய்ச் சென்சருக்கு நேராக அழுத்தினேன். பூஜ்யம். இருபது மில்லி. பூஜ்யம். ஐம்பது. ஷிண்டே சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு வழி இருந்தது. மீதைல் வயலஜன் என்று ஒரு சாயம். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் அதை ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரான் ஊட்டினால், நல்ல நீலமாகும். ஆக்ஸிஜன் பட்டால் நீலம் போய்விடும். அதற்குப் பேட்டரி கிடையாது, சாகவும் முடியாது. புதிய கையுறைகளுக்குள் கையை விட்டு, குப்பியில் கரைசலை எடுத்து, நீலம் வரும் அளவுக்கு மட்டும் ஒடுக்கியைச் சொட்டினேன். நீலம் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்தது. எட்டாவது நிமிடத்தில் குப்பியில் தண்ணீர் போல ஒன்று இருந்தது. அதற்கு மேலே மீட்டர், சிவப்பு எழுத்தில், பூஜ்யம்.

அன்று பிற்பகலே ஹரிணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடி முழுவதையும் கேட்டாள்.

“ஏனுங்க மேடம், பதினாறு வாரமும் சோதிக்காமயே ‘சரி’ன்னு எழுதுனீங்களா?”

“ஆமா.”

“நான் ஒருக்கா பேனாவப் பொட்டிக்குள்ள மறந்து வெச்சுட்டேன்னு ஒரு மணி நேரம் நிக்க வெச்சுப் பேசுனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“அப்ப இதுக்கு நான் எத்தன மணி நேரம் பேசலாமுங்க?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள்.

“சென்சர் எப்பச் செத்துச்சு? அதச் சொல்லுங்க. படிகம் வளர்றதுக்கு முன்னயா, அப்புறமா?”

அதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் பதிவேடு இருக்கிறது. வாரா வாரம் சோதித்திருந்தால், எந்த வாரம் செத்தது என்று விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். அந்த விரலைத்தான் நான் பதினாறு முறை மடக்கிக்கொண்டேன்.

இருவருமாக டாக்டர் பாபட்டின் அறைக்குப் போனோம். அவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“சென்சர் போன வாரம் செத்திருக்கலாம், இல்லையா மேடம்?”

“இருக்கலாம் சார். நவம்பர்லயும் செத்திருக்கலாம்.”

“அது ஊகம். பதிவேடு என்ன சொல்லுது?”

“பதிவேடு பொய் சொல்லுது. நான் எழுதின பொய்.”

“நீங்க டென்ஷனா இருக்கீங்க. புதுச் சென்சர் போட்டுட்டு, நடந்ததை விட்டுட்டு முன்னாடி போவோம். அஸ கரூயா.”

ஹரிணி ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள்: அந்த மூன்று இரும்பு காற்றால் வந்ததாக இருந்தால் என் ஆய்வேட்டின் கதி என்ன? அவர் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னார்:

“காத்து பட்டிருந்தா, அது பெட்டியிலதான் பட்டுதுன்னு எப்படிச் சொல்றது? ஹரிணிக்குக் கொஞ்சம் கை அவசரம். குழாயை மேஜையில வெச்சுட்டுப் போயிருக்கலாம். அப்படி ஒரு கேள்வி வந்தா, பதிவேடு பெட்டிக்குச் சாதகமாத்தான் பேசும்.”

என் ‘சரி’ எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணின் தலையில் இறங்கப்போவது அப்போது விளங்கியது. பெட்டி குற்றமற்றது என்று நான் கையொப்பமிட்டிருக்கிறேன்; ஆகவே குற்றம் அவள் கையில். வெளியே வந்ததும் ஹரிணி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. “ஆறு வருசமுங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வுக்கூட விதிகளில் இன்னொன்று இருக்கிறது. மாணவரின் தவறல்லாத காரணத்தால் ஆய்வு தடைபட்டால், கல்விக்குழு பதிவுக்காலத்தை ஆறு மாதம் நீட்டிக்கலாம். வழிகாட்டி பரிந்துரைக்க மறுத்தால், காரணத்தை நேரடியாக அறிந்த அலுவலரின் எழுத்து வாக்குமூலம் போதும். காரணத்தை என்னைவிட நேரடியாக அறிந்தவர் யார்? ஆனால் வெறும் வாக்குமூலம் போதாது. குழாயை மேஜையில் வைத்தாள் என்ற பேச்சுக்கும் பதில் வேண்டும்.

பதில் என் ஆழ்குளிர்ப் பெட்டியிலேயே இருந்தது. எந்தப் புரதம் தயாரித்தாலும் ஒரு குழாயை இருப்பாக உறைய வைப்பது என் வழக்கம். டிசம்பரில் அதே பெட்டியில் நானே தயாரித்து, மூன்று வாரம் பெட்டிக்குள் வைத்திருந்து, நானே உறைய வைத்த ஃபெரடாக்ஸின் ஒன்று இருந்தது. சீட்டில் என் கையெழுத்து. ஹரிணி அதைத் தொட்டதே இல்லை.

மூன்று இரும்பையும் நான்கு இரும்பையும் பிரித்துச் சொல்ல ஒரு கருவி உண்டு. திரவ ஹீலியக் குளிரில் காந்தப் புலத்துக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று இரும்பு இருந்தால் கூர்மையான ஒரு கோடு எழும். நான்கும் முழுசாக இருந்தால் அதே நிலையில் கோடே வராது. அந்தக் கருவி மும்பையில் இருந்தது. அங்கே என்னோடு பயிற்சி பெற்ற ஒரு தோழி பொறுப்பில் இருந்தாள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அரை நாள் தருவதாகச் சொன்னாள்.

புதிய தயாரிப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புதிய சென்சர். இப்போது தினமும் காலை ஊசிக்குழல், திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஹரிணி பக்கத்தில் நின்று எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டாள். “உங்கள நம்பாமில்லீங்க” என்றாள், நம்பாத குரலில்.

பஃபர்களை நைட்ரஜன் ஊதிக் காற்று நீக்கி, பெட்டிக்குள் இரண்டு நாள் திறந்து வைத்தோம். பாக்டீரியாவைப் பெட்டிக்குள்ளேயே உடைத்தோம். நேர்மின்னேற்றமுள்ள மணிகள் நிறைந்த குழாயில் சாற்றை ஊற்றினால் மற்ற புரதங்கள் ஒவ்வொன்றாக உப்புக்கு இணங்கி இறங்கிவிடும். ஃபெரடாக்ஸின் மட்டும் தன் எதிர்மின்னேற்றத்தோடு கடைசிவரை மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பைக் கூட்டக் கூட்ட அந்தக் கரும்பழுப்புப் பட்டை அசைந்து இறங்கும். அது இறங்கும்போது பேசக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் இருவரும் பேசவில்லை. ரப்பர் கையுறைக்குள் என் விரல் வியர்த்து வழுக்கியது. ஒரு குழாயைத் தவறவிட இருந்தேன். “மெதுவாங்க மேடம், கை அவசரம்னு என்னத்தான் சொல்லியிருக்குது” என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று குழாய்கள்: ஹரிணியின் பழையது, என்னுடைய டிசம்பர்க் குழாய், இப்போது இருவரும் தயாரித்தது. திரவ நைட்ரஜன் குடுவையை ரயிலில் கொண்டுபோக அனுமதி இல்லை. அதுவும் ஒரு விதி. வாடகைக் கார் பிடித்து, குடுவையைக் காலிடுக்கில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மும்பை போனோம். லோணாவளா மலைச்சரிவில் கார் திரும்பிய ஒவ்வொரு முறையும் ஹரிணி குடுவையின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

தோழி முதலில் ஹரிணியின் குழாயை இறக்கினாள். திரையில் செங்குத்தாகக் கோடு எழுந்தது. மூன்று இரும்பு. எதிர்பார்த்ததுதான். அடுத்து புதியது. காந்தப் புலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டே போயிற்று. “ஒண்ணும் இல்லை” என்றாள் தோழி. எங்களுக்கு அந்த ஒன்றுமில்லாததுதான் வேண்டியிருந்தது. நான்கு இரும்பும் இருந்தன. காலி மூலை என்பது அந்தப் பாக்டீரியாவின் குணமே அல்ல.

மூன்றாவது என் குழாய். அது இறங்கும்போது, கோடு எழக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழாவிட்டால் பெட்டி தப்பும், என் பதினாறு கையெழுத்தும் தப்பும், ஹரிணி மட்டும் மாட்டுவாள். அப்படியும் நினைத்தேன்.

கோடு எழுந்தது. ஹரிணியுடையதைவிட உயரமாக.

ஹரிணி திரையைப் பார்த்தபடி சொன்னாள்: “மேடம், உங்க கை என் கையவிட அவசரமுங்க.”

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி கல்விக்குழுவுக்கு எழுதினேன். இரண்டு பக்கம். பதினாறு தேதிகளையும் வரிசையாகக் குறிப்பிட்டு, அந்த நாட்களில் சோதனை செய்யாமலேயே செய்ததாக எழுதினேன் என்றும், மூன்று குழாய்களின் முடிவு இன்னது என்றும், மாணவியின் தவறு எதுவும் இல்லை என்றும் எழுதினேன். சோதனையை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும் எழுதினேன். இதழாசிரியருக்கும் நகல் அனுப்பினேன். டாக்டர் பாபட் கட்டுரையைத் ‘திருத்தத்துக்காக’த் திரும்பப் பெற்றுக்கொண்டார். கல்விக்குழுவுக்கு, மாணவி குழாயைக் கவனக்குறைவாகக் கையாண்டிருக்க வாய்ப்புண்டு என்று ஒரு குறிப்பும் அனுப்பினார். அவர் எழுதி நான் பார்த்த முதல் குறிப்பு அது.

மே மாதம் குழு என்னை அழைத்தது. மூன்று பேர், மேஜையில் பிஸ்கட். வாய்மொழி உத்தரவுக்கு எழுத்து ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். இருந்தால் அது வாய்மொழியாக இருக்காதே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஷிண்டேயையும் அழைத்தார்கள். கையுறை ஓட்டையைப் பற்றி அவர் சொன்னது அப்படியே எழுதிக்கொள்ளப்பட்டது; சாமியார் உவமையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மே முப்பத்தொன்று எனக்கு வழியனுப்பு விழா. சால்வை, தேங்காய், பூங்கொத்து. டாக்டர் பாபட்தான் பேசினார். “இவருடைய பதிவேடுகளில் ஓர் அடித்தல்கூட இருக்காது. அவை இந்தக் கூடத்தின் மனசாட்சி” என்றார். கைதட்டினார்கள். என் பின்வரிசையிலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “அதானுங்களே வெனையே” என்றது ஒரு குரல்.

ஜூன் முழுதும் பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன், பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. புதிய புரதத்தில் படிகம் வளர்ந்துவிட்டது, நொதி இப்போது எல்லா ஃபெரடாக்ஸின்களிலும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, புதுமை ஒன்றும் இல்லை, ஆனால் நான்கு இரும்பும் இருக்கின்றன என்று ஹரிணி சொன்னாள். அதை எழுதி முடிக்க இன்னும் மூன்று மாதம் வேண்டும். அவளிடம் மிச்சமிருந்தது சில வாரங்கள். புணேயின் ஹடப்சர் பகுதியில் ஒரு மருந்துக் கம்பெனி, எம்.எஸ்ஸி. சான்றிதழ் போதும், ஆகஸ்டு முதல் தேதி வந்து சேர் என்றது.

ஜூலை கடைசி வாரம் போனில் கேட்டாள்: “சேந்தர்றேன்னு சொல்லிரட்டுங்களா மேடம்?”

“முப்பத்தொண்ணு வரைக்கும் சொல்லாதே.”

“முப்பத்தொண்ணு வந்தும் ஒண்ணும் வரலீன்னா?”

எனக்குத் தெரிந்த எந்தக் கையேட்டிலும் அதற்கு விதி இல்லை.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில், மாணவியின் தரப்பில் தவறில்லை, பதிவுக்காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது, வேறு வழிகாட்டி நியமிக்கப்படுகிறார், மாணவி ஜூலை முப்பத்தொன்றுக்குள் நேரில் வந்து ஒப்புதல் கையொப்பமிட வேண்டும், தவறினால் நீட்டிப்பு செல்லாது. இரண்டாம் பத்தியில், என் செயல் குறித்துக் கூடம் தன் கடும் அதிருப்தியைப் பதிவு செய்கிறது. டாக்டர் பாபட்டைப் பற்றிப் பத்தி எதுவும் இல்லை. மாணவிக்கான நகல் ‘உரிய வழியாக’ அனுப்பப்பட்டிருப்பதாக அடியில் குறிப்பு இருந்தது. உரிய வழி என்றால் வழிகாட்டியின் மேஜை. அங்கேயிருந்து அது நகரவேயில்லை.

உடனே ஹரிணிக்குப் போன் செய்து முதல் பத்தியைப் படித்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “ரெண்டாவதையும் படிங்க” என்றாள். படித்தேன்.

“கொஞ்சம் கம்மியாத்தானுங்க எழுதியிருக்காங்க” என்றாள். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அங்க நிக்கறேன். நீங்களும் வாங்க மேடம்.”

கடிதத்தின் தலையில் போட்டிருந்த தேதி ஜூலை மூன்று. அது என் கைக்கு வந்தது ஜூலை முப்பது, புதன்கிழமை.